7. டோஸ்டர்: தூக்கும் ஸ்பிரிங், பிடிக்கும் காந்தம்

சென்ற அத்தியாயங்களில் பார்த்த மிக்சியிலும் கிரைண்டரிலும் மோட்டார் உண்டு. டோஸ்டரில் மோட்டார் கிடையாது. சுற்றுவது என்று உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு லீவர், ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன மின்காந்தம், சூடேறும் கம்பி சுற்றிய சில மைக்கா தகடுகள், இவ்வளவுதான். ஆனாலும் பழுதானால் எளிதில் தூக்கிப் போடப்படும் சாமான் இது. சிவகிரி போன்ற ஊரில் இருப்பவருக்கு, ஒரு டோஸ்டருக்காகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சர்வீஸ் சென்டர் தேடிப் போகும் பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் கட்டுப்படியாகாது. ஆகவே பரணில் ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். பரணில் கிடக்கும் டோஸ்டர்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது அரை மணி நேரச் சுத்தம் மட்டுமே.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: டோஸ்டரில் ஸ்பிரிங் எப்போதும் மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது; மின்சாரம் பிடித்திருக்கும் வரைதான் ரொட்டி கீழே நிற்கும். இது புரிந்துவிட்டால், ஸ்குரு டிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே பழுது எங்கே இருக்கிறது என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

தோசைக்கல்லில் ஏன் அதே டோஸ்ட் வருவதில்லை

தோசைக்கல்லில் ரொட்டி கல்லைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. தொட்ட இடம் சிவக்கிறது, குழிந்த இடம் வெளுத்தே இருக்கிறது. அதனால்தான் நெய் விடுகிறோம். இடைவெளியை நெய் நிரப்பிச் சூட்டைக் கடத்துகிறது. டோஸ்டரில் ரொட்டியை எதுவும் அழுத்துவதில்லை. சிவந்த கம்பியிலிருந்து வரும் வெப்பக் கதிர், இடைவெளியைத் தாண்டி ரொட்டியின் முகத்தில் விழுகிறது.

ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மேல்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஈரம் வற்றியதும் சூடு மளமளவென்று ஏறும். 140 டிகிரியை நெருங்கும்போது மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. இந்த வினையை 1912இல் விளக்கியவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர். பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவில் இருப்பது சில பத்து நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் ரொட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் லீவரும் ஸ்பிரிங்கும் காந்தமும்.

நம் ஊர்ப் பேக்கரிகளில் கிடைக்கும் பால் பிரட்டில் இனிப்பு தூக்கலாக இருக்கும். சர்க்கரை கூடினால் சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் கருகவும் செய்யும். உப்பு பிரட்டுக்கு வைக்கும் அளவிலிருந்து ஒரு படி குறைத்து வையுங்கள்.

கம்பியும் மைக்காவும்

உள்ளே எட்டிப் பார்த்தால் மெல்லிய, பளபளப்பான தகடுகளில் நாடா போன்ற கம்பி வரிவரியாகச் சுற்றியிருப்பது தெரியும். தகடு மைக்கா, மின்சாரத்தைக் கடத்தாது, செஞ்சூட்டிலும் எரியாது. கம்பி நிக்ரோம், பெரும்பாலும் 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் இதற்கு 1906இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு இரும்புக் கம்பியைச் சிவக்க வைத்தால், காற்றுபட்டுப் பொருக்குவிட்டுச் சீக்கிரமே அறுந்துபோகும். நிக்ரோமின் மேல் குரோமிய ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. 600 டிகிரிக்கு மேல் சிவந்து சிவந்து ஆறினாலும் வருடக்கணக்கில் தாங்குகிறது. மூன்றே ஆண்டுகளில், 1909இல், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி மின் டோஸ்டரைக் கடைக்குக் கொண்டுவந்தது இந்தக் கம்பியால்தான். அதில் ஒரு பக்கம்தான் வேகும், கையால் திருப்பிப் போட வேண்டும், கண்காணிக்காவிட்டால் கரி.

தானாகத் தூக்கிவிடும் டோஸ்டரை உருவாக்கியவர் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஸ்ட்ரைட். இதற்கான காப்புரிமை 1921இல் கிடைத்தது. வீட்டு உபயோகத்துக்கான மாடல் 1926இல் வந்தது. நம் கடைகளில் இன்று விற்கும் டோஸ்டரின் எலும்புக்கூடு அதேதான்.

இரண்டு துண்டு போடும் டோஸ்டர் பெரும்பாலும் 750 அல்லது 800 வாட். 230 வோல்ட்டில் 800 வாட் என்றால் சுமார் மூன்றரை ஆம்பியர் ஓடும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே இதற்குப் போதும். ஒரு முறை டோஸ்ட் செய்ய இரண்டரை நிமிடம் என்று வைத்தால், முப்பது முறை செய்தால்தான் ஒரு யூனிட் ஆகும்.

தாங்கியும் கம்பி வேலியும்

ரொட்டி நிற்கும் அடிப்பாகத்தைத் தாங்கி என்று சொல்வோம். அது லீவரோடு சேர்ந்து, செங்குத்தான ஒரு கம்பியில் வழுக்கி மேலும் கீழும் போகும். லீவரை அழுத்தும்போது ஸ்பிரிங் இழுபடுகிறது. அதே நேரத்தில் துவாரத்தின் இரு பக்கமும் உள்ள கம்பி வேலிகள் ஒன்றையொன்று நெருங்கி, ரொட்டியை நட்ட நடுவில் நிறுத்துகின்றன. மெல்லிய துண்டானாலும் தடித்த துண்டானாலும் இரு முகமும் எலிமென்ட்டிலிருந்து, அதாவது கம்பி சுற்றிய தகட்டிலிருந்து, ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. வேலி ஒரு பக்கம் வளைந்துவிட்டால் ரொட்டி அந்தப் பக்கம் சாயும். ஒரு முகம் கருகும், மறுமுகம் வெளுத்திருக்கும்.

கத்தியால் அறுத்த பேக்கரி பிரட் ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து இருக்கும். தடித்த முனையைத் துவாரத்துக்குள் திணிக்கும்போதுதான் வேலி வளைகிறது. தானாக இறங்காத துண்டை அழுத்தாதீர்கள். அது தோசைக்கல்லுக்கு உரியது.

லீவரை அழுத்தும்போது கீழே இன்னொரு வேலையும் நடக்கிறது. தாங்கியோடு வரும் பிளாஸ்டிக் நாக்கு, இரண்டு ஜோடி காண்டாக்ட்டுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. மின்சாரம் எலிமென்ட்டுக்குப் பாய்வது அப்போதிலிருந்துதான். தாங்கி மேலே ஏறியதும் காண்டாக்ட்டுகள் பிரிந்து, சப்ளை அறுந்துவிடும். லீவரே சுவிட்ச்.

பிடித்து வைப்பது எது?

கடைக்கு டோஸ்டரைக் கொண்டுவருபவர்கள் அதிகம் சொல்லும் புகார் இதுதான்: "அண்ணாச்சி, லீவர் நிக்கவே மாட்டேங்குது." சில நேரம் அது பழுதே இல்லை. இன்றைய மாடல்களில் பெரும்பாலானவற்றில், பிளக் செருகாமல் அழுத்தினால் லீவர் நிற்காது, நிற்கவும் கூடாது.

காரணம் இது. தாங்கியின் அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. லீவர் கீழே வந்ததும் அது மின்காந்தத்தின் முகத்தில் போய் ஒட்டும். காண்டாக்ட் சேர்ந்து மின்சாரம் பாய்ந்த நொடியிலேயே காந்தம் உயிர் பெறுகிறது, தகட்டைப் பற்றிக்கொள்கிறது. நேரம் முடிந்ததும் காந்தத்துக்குப் போகும் மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் தூக்கிவிடும். கரண்ட் போனாலும், பிளக்கைப் பிடுங்கினாலும், நிறுத்தும் பட்டனை அழுத்தினாலும் நடப்பது அதேதான். எது தவறினாலும் ரொட்டி மேலே வரும், மின்சாரம் அறும். ஆபத்து வந்தால் தானாகவே பாதுகாப்பான நிலைக்குத் திரும்புமாறு செய்யப்பட்ட அருமையான அமைப்பு இது.

அந்தக் காந்தம் தூரத்திலிருந்து இழுக்கும் அளவுக்குப் பலமானதல்ல. தொட்டதை விடாமல் பிடிக்க மட்டுமே அதற்குப் பலம் உண்டு. தகட்டுக்கும் காந்த முகத்துக்கும் நடுவில் ஒரு சிறு ரொட்டித் துகள் சிக்கினால் போதும், பிடி விட்டுவிடும். கையிலுள்ள டோஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய காந்த முகத்தில் பழுப்பு நிறப் பொடி, நெய்ப்பிசுக்கோடு ஒட்டிக் கடினமாகியிருக்கும். நிற்காத லீவருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டிய குற்றவாளி அதுதான்.

பழைய மாடல்களில் காந்தத்துக்குப் பதிலாகக் கொக்கி இருக்கும். கொக்கி மாட்டிக்கொள்ளும், நேரம் ஆனதும் சூட்டில் வளையும் இரு உலோகப் பட்டை அதை விடுவிக்கும். இவற்றில் பிளக் செருகாமலேயே லீவர் நிற்கும்.

நேரமும் வோல்டேஜும்

இரு உலோகப் பட்டை என்பது சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூடேறினால் ஒரு பக்கம் வளையும். புதிய மாடல்களில் அந்த வேலையைச் சின்ன சர்க்யூட் போர்டு செய்கிறது. ஒரு கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்புகிறது. குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் காந்தத்தின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. நாம் திருகும் குமிழ், அது எவ்வளவு மெதுவாக நிரம்ப வேண்டும் என்பதை மாற்றுகிறது. அதிலுள்ள எண் பெரும்பாலும் நிமிடத்தைக் குறிப்பதல்ல. நிறத்தின் படியைக் குறிப்பது.

இந்த சர்க்யூட் ரொட்டியைப் பார்ப்பதில்லை, நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே இரண்டாவது ஈடு போடும்போது உள்ளே ஏற்கெனவே சூடு இருப்பதால் கூடுதலாகச் சிவக்கும். குமிழைக் கொஞ்சம் குறையுங்கள்.

வோல்டேஜ் இறங்கினாலும் இதே கதைதான், தலைகீழாக. எலிமென்ட்டின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 800 வாட் தரும் டோஸ்டர், 200 வோல்ட்டில் சுமார் 605 வாட்தான் தரும். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் உங்கள் தெருவில் விளக்கு மங்கினால், ரொட்டியும் வெளுத்துத்தான் வரும். டோஸ்டரைக் குறை சொல்ல வேண்டாம். குமிழை ஒரு படி கூட்டினால் போதும். 250 வோல்ட்டுக்கு ஏறினால் அதே டோஸ்டர் சுமார் 945 வாட்டில் சுடும்; அப்போது குறையுங்கள்.

இன்னொரு நுட்பம். காந்தத்துக்கும் சர்க்யூட்டுக்கும் சில வோல்ட் போதும். அதற்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல், பல மாடல்களில் எலிமென்ட்டின் ஒரு சிறு பகுதியிலிருந்தே அந்தச் சில வோல்ட்டைப் பிரித்தெடுக்கிறார்கள். அதனால் அந்த வழியில் எலிமென்ட் அறுந்தால் சூடு மட்டுமல்ல, லீவரின் பிடியும் போய்விடும்.

திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

1. அதே பிளக் பாயிண்ட்டில் டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்கள். சப்ளை இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. டோஸ்டரைப் பிளக்கில் செருகாமல் லீவரை அழுத்துங்கள். நின்றால் கொக்கி மாடல். நிற்காவிட்டால் காந்த மாடல். தடையில்லாமல் வழுக்கி இறங்கி, விட்டதும் துள்ளி ஏறுகிறதா என்றும் கவனியுங்கள்.

3. காந்த மாடல் என்றால், காலி டோஸ்டரைச் செருகி சுவிட்சைப் போட்டு, லீவரை ஐந்து நொடி மட்டும் கையால் அழுத்திப் பிடியுங்கள். கம்பி சிவக்கிறதா?

கம்பி சிவந்து லீவர் மட்டும் நிற்காவிட்டால் கோளாறு காந்த முகத்தில், அல்லது மின்காந்தத்தின் கம்பிச் சுருளான காயிலில், சர்க்யூட்டில். கம்பி சிவக்கவே இல்லை என்றால் ஒயர், காண்டாக்ட், எலிமென்ட் மூன்றில் ஒன்று. பாதி நோய் இங்கேயே பிடிபட்டுவிடும்.

4. பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு நடுவில் அளவெடுங்கள். 800 வாட் டோஸ்டருக்கு 60 முதல் 70 ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் வழி எங்கோ அறுந்திருக்கிறது.

5. பெரிய பின்தான் எர்த். அதற்கும் உலோக உடம்புக்கும் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பிறகு லீவரை அழுத்தியபடி, சிறிய பின்களில் ஒவ்வொன்றுக்கும் உடம்புக்கும் நடுவில் பாருங்கள். மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த டோஸ்டரை மறுபடி செருகாதீர்கள்.

திறந்து சுத்தம் செய்தல்

பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறிய பிறகே தொடங்குங்கள். துகள் தட்டை இழுத்துக் கொட்டுங்கள். பழைய நாளிதழை விரித்து, டோஸ்டரைக் கவிழ்த்துத் தட்டுங்கள். எறும்பும் கரப்பானும் மட்டுமல்ல, சில வீடுகளில் பல்லியும் விழும். அதனால்தான் ராத்திரியில் மூடி போட்டு வைக்கச் சொல்கிறோம்.

அடியிலுள்ள ஸ்குருக்களைக் கழற்றி மேலுறையைத் தூக்குங்கள். லீவர் குமிழையும் நேரக் குமிழையும் முதலில் உருவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காந்த முகத்தையும் இரும்புத் தகட்டையும் ஸ்பிரிட் தொட்ட துணியால், உலோகம் பளிச்சென்று தெரியும் வரை துடையுங்கள். தேய்த்துக் கீறல் போட வேண்டாம். கீறலும் பிடியைக் குறைக்கும். காண்டாக்ட்டில் கரி படிந்திருந்தால் மட்டும், மிக நைசான உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு முறை இழுங்கள். தாங்கி வழுக்கும் கம்பியை உலர்ந்த பிரஷால் சுத்தம் செய்யுங்கள், எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் புகையும், துகளை ஒட்ட வைத்து மறுபடி இறுக்கிக்கொள்ளும். மைக்கா எளிதில் உடையும். எலிமென்ட் பக்கம் பிரஷைக் கொண்டுபோக வேண்டாம். ஸ்பிரிட் முழுவதும் காய்ந்த பிறகே மூடுங்கள்.

மேலுறை இல்லாமல் பிளக்கில் செருகிப் பார்ப்பது கூடவே கூடாது. சர்க்யூட் போர்டு சில வோல்ட்டில் இயங்கினாலும் அது நேரடியாக மெயின் லைனோடு இணைந்தது. தொட்டால் 230 வோல்ட்டின் ஷாக்தான்.

பழுதும் காரணமும் சுருக்கமாக

லீவர் நிற்கவில்லை, கம்பி சிவக்கிறது: காந்த முகத்தில் அழுக்கு. சுத்தம் செய்தும் நிற்காவிட்டால் காயில் அல்லது சர்க்யூட்.

ஒன்றுமே நடக்கவில்லை: ஒயர், பெரும்பாலும் டோஸ்டருக்குள் நுழையும் வளைவில் அறுந்திருக்கும், அடுத்து காண்டாக்ட்.

ஒரு முகம் மட்டும் வேகவில்லை: வேலி வளைந்திருக்கலாம். நேராக இருந்தால் அந்தப் பக்கத்து எலிமென்ட் அறுந்திருக்கிறது.

ரொட்டி பாதியில் சிக்குகிறது: தடித்த துண்டு, அல்லது வழுக்கும் கம்பியில் துகள்.

நேரம் ஆகியும் தூக்கவில்லை: உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். சர்க்யூட், ஒட்டிப்போன காண்டாக்ட், சிக்கிய தாங்கி மூன்றில் எதுவானாலும் அது தீப்பிடிக்கும் பழுது.

அறுந்த நிக்ரோமை முறுக்கி ஒட்டவைக்கும் வழக்கம் உண்டு. செய்யாதீர்கள். ஈயப்பற்று அந்தச் சூட்டில் உருகிவிடும். முறுக்கிய இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சுட்டு மறுபடி அறும். அறுந்த முனை வேலியில் பட்டால் உடம்பெங்கும் கரண்ட். எலிமென்ட் போனால் அதே மாடலின் எலிமென்ட் கிடைத்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் டோஸ்டரை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது

கடையில் பிளக்கில் செருகி லீவரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்தும் பட்டன், உருவி எடுக்கும் துகள் தட்டு, லீவரை இன்னும் மேலே தூக்கிச் சின்னத் துண்டை எடுக்கும் வசதி, மூன்று பின் பிளக் ஆகிய நான்கும் இருக்கட்டும். வீட்டில் எர்த் உள்ள பாயிண்ட்டில் மட்டும் செருகுங்கள். பழைய வீடுகளில் இரண்டு பின் பாயிண்ட்டுக்காக மாட்டும் கன்வெர்ட்டர் எர்த்தை அறுத்துவிடுகிறது. உலோக உடம்புள்ள டோஸ்டருக்கு அது ஆபத்து. வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் சப்ளையை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நல்லது.

லீவரைக் கட்டி வைக்காதீர்கள்

நிற்காத லீவரை ரப்பர் பேண்டாலோ நூலாலோ கட்டி வைத்து ரொட்டி சுடும் வீடுகள் உண்டு. இந்தப் புத்தகத்தில் எத்தனையோ எச்சரிக்கை இருந்தாலும், டோஸ்டரைப் பொறுத்தவரை முதலிடம் இதற்குத்தான். கட்டிய நொடியில் ஸ்பிரிங் தோற்றுப்போகிறது. நேரம் முடிந்தாலும் மின்சாரம் அறாது. உலர்ந்த ரொட்டி எரிபொருள். சில நிமிடங்களில் பற்றிக்கொள்ளும்.

அதே போல, வெண்ணெயோ நெய்யோ தடவிய ரொட்டியை டோஸ்டரில் போடாதீர்கள். சொட்டும் நெய் சிவந்த கம்பியில் விழுந்து தீயாகும். தடவுவதைச் சுட்ட பிறகு செய்யுங்கள். சிக்கிய ரொட்டியைக் கரண்டியாலோ கத்தியாலோ நோண்டாதீர்கள். லீவர் மேலே இருந்தாலும், பிளக் செருகியிருந்தால் உள்ளே எங்கோ கரண்ட் இருக்கலாம். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, கவிழ்த்து எடுங்கள்.

ரொட்டி தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரொட்டியை வெளியே இழுக்கவும் போகாதீர்கள். சுவிட்சை நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் தூக்கிவிடும், சூடு வருவது நிற்கும். பக்கத்தில் இருக்கும் துணி, திரைச்சீலையை விலக்கிவிட்டு, துவாரத்துக்குள்ளேயே எரிந்து அடங்க விடுங்கள். தீ வெளியே பரவினால் தாமதிக்காமல் வீட்டாரை வெளியேற்றி 101க்குக் கூப்பிடுங்கள்.